லண்டனில் பார்த்த ரோம், கப்பலில் எழுதிய வங்காளம்

1950இல் டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனம் தன் கல்கத்தா அலுவலகத்தின் ஓவியக் கலைஞர் ஒருவரைச் சில மாதப் பயிற்சிக்காக லண்டன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவர், மனைவி பிஜோயாவுடன் கப்பலில் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த மூன்று நாட்களுக்குள் ஒரு திரையரங்கில் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தைப் பார்த்தார். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலை என்றாவது படமாக எடுத்தால் இந்த முறையில்தான் எடுப்பது, ஸ்டூடியோவை விட்டு வெளியே போய், மக்களுக்குப் பழக்கமில்லாத முகங்களை வைத்துத்தான் எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தார். சத்யஜித் ரே பின்னாளில் இதைப் பலமுறை எழுதியும் பேசியும் இருக்கிறார்.

சினிமா வரலாறுகள் பெரும்பாலும் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பார்த்தார், நெகிழ்ந்தார், இயக்குநர் ஆனார். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே படத்தை லண்டனில் எத்தனையோ பேர் பார்த்தார்கள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள். ஒருவருக்குள் மட்டும் அந்த நெகிழ்ச்சி ஏன் ஐந்தாண்டு உழைப்பாக மாறியது? அவர் அப்போது அயல்நாட்டில் இருந்தது அதற்கு உதவியதா, வெறும் தற்செயலா? இரண்டு கேள்விகளுக்கும் ரேயின் முன்கதையிலும் பின்கதையிலும் நிறையத் தடயங்கள் கிடக்கின்றன.

முன்கதை அச்சகத்தில் தொடங்குகிறது. தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, ஹாஃப்டோன் முறையில் படங்களை அச்சிடுவதை ஆராய்ந்த அச்சுக்கலை வல்லுநர். ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழை 1913இல் தொடங்கியவர். தந்தை சுகுமார் ராய், வங்கக் குழந்தைகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் வேடிக்கைப் பாடல்களை எழுதியவர். மகனுக்கு மூன்று வயது நிறைவதற்குள் இறந்துபோனார். ரே பொருளாதாரத்தில் பட்டம் பெற்று, சாந்திநிகேதனுக்குப் போய் நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் பயின்றார். அந்தப் படிப்பை முடிக்காமலேயே ஊர் திரும்பி, 1943இல் கீமரில் 80 ரூபாய் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

அதே அலுவலகத்தில் வேலை பார்த்த டி.கே. குப்தா, சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். அதற்கு ரே அட்டைப்படங்கள் வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் ‘பதேர் பாஞ்சாலி’யைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது உள்ளே படம் வரையும் பொறுப்பும் அவருக்கே வந்தது. (தமிழில் இந்த நாவலை மொழிபெயர்த்தவர் ‘நாகம்மாள்’ எழுதிய ஆர். ஷண்முகசுந்தரம். கொங்குக் கிராமத்தை எழுதிய கை வங்கக் கிராமத்தையும் தொட்டது நமக்கு வாய்த்த நல்லூழ்.) சுருக்கப் பதிப்பைப் பார்த்த குப்தா, இதில் ஒரு நல்ல திரைப்படம் இருக்கிறது என்று ரேயிடம் சொன்னார். அப்போது இரண்டாம் உலகப் போரே முடிந்திருக்கவில்லை. லண்டன் பயணத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே நாவலின் தம்பி அபுவும் அக்கா துர்காவும் அவர் கையில் கோடுகளாக உருப்பெற்றுவிட்டார்கள். அந்தக் கோட்டோவியங்களில் சில பிறகு படத்தின் காட்சிகளாகவே மாறின.

இடைப்பட்ட காலத்தில் சினிமாவைக் கற்றுக்கொள்ள அவருக்குப் பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. தானே ஒரு பயிற்சியை வகுத்துக்கொண்டார். ஏதாவது ஒரு நாவல் படமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்தால் அதற்குத் தானாகவே ஒரு திரைக்கதை எழுதுவார். படம் வந்ததும் அவர்கள் எடுத்திருப்பதையும் தான் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். 1947இல் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். மறு ஆண்டு ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இந்தியப் படங்களில் என்ன கோளாறு என்று ஒரு கட்டுரை எழுதினார். 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்துக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தபோது, விடுமுறை நாட்களில் அவருடன் சுற்றினார். நாம் தினமும் கடந்துபோகும் இடங்களில் ரெனுவார் நின்றுவிடுவார். ஒரு வாழைக்கூட்டத்தையும் அதன் அடியில் கிடந்த பச்சைக் குட்டையையும் காட்டி, வங்காளம் என்பது இதுதான் என்ற பொருளில் அவர் சொன்னதை ரே எழுதிவைத்திருக்கிறார். ரெனுவாரைப் பற்றிய அந்தக் கட்டுரை 1950இல் லண்டனின் ‘சீக்வென்ஸ்’ இதழில் வெளிவந்தது.

ஆக, எடுக்க ஒரு கதை இருந்தது. படங்களைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண் இருந்தது. ஒரு மேதையின் பக்கத்தில் நின்று பெற்ற பாடமும் இருந்தது. பிறகு எது தடுத்தது? அனுபவசாலிகளின் பேச்சு. வெளிப்புறத்தில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடியாது, மழையில் காமிராவை இயக்க முடியாது, நடிக்கத் தெரியாதவர்களை வைத்து முழுப்படம் எடுக்க முடியாது என்றார்கள் தொழிலில் ஊறியவர்கள். அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் அதைச் சொல்லவில்லை. அன்றைய கல்கத்தா ஸ்டூடியோக்களில் இருந்த கருவிகளையும் பழக்கங்களையும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது நியாயமாகக்கூடத் தெரியும். ஒரு முறைகூட சினிமா காமிராவை இயக்காத விளம்பர ஓவியர் எந்த ஆதாரத்தை வைத்து அதை மறுப்பார்?

அந்த ஆதாரம்தான் லண்டனில் ஒன்றரை மணிநேரம் ஓடியது.

‘பைசைக்கிள் தீவ்ஸ்’ 1948இல் வந்தது. கதை நமக்குத் தெரிந்ததுதான். போருக்குப் பிந்தைய ரோமில் வேலையில்லாத அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் அந்த வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. மீட்டு வேலைக்குப் போன முதல் நாளே, ஏணியில் நின்று ரீட்டா ஹேவர்த்தின் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அது திருடுபோகிறது. மகன் புரூனோவைக் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறான். அந்தோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜோரானி ஆலைத் தொழிலாளி. மனைவியாக வந்த லியானெல்லா கரேல் பத்திரிகையாளர். அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், கேரி கிராண்ட்டை நாயகனாகப் போட்டால் பணம் தருவதாகச் சொன்னதும் டி சிகா அதற்கு இசையாததும் பலரும் அறிந்த செய்தி. படம் உலகப் புகழ் பெற்ற பிறகு மஜோரானிக்குத் தன் ஆலை வேலையும் போயிற்று. கதையில் நடந்தது அவர் வாழ்க்கையில் வேறொரு விதத்தில் நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இந்தப் படத்தின் ஒரு காட்சியை நிறுத்திப் பார்க்க வேண்டும். சைக்கிளை மீட்கப் பணம் வேண்டும். அந்தோனியோவின் மனைவி மரியா பேச்சை வளர்ப்பதில்லை. கட்டிலில் விரித்திருக்கும் விரிப்புகளை உருவுகிறாள். அவை அவளுடைய கல்யாணச் சீராக வந்தவை. மூட்டை கட்டி அடகுக் கடைச் சாளரத்தில் நீட்டுகிறார்கள். பேரம் பேசிப் பணம் வாங்குகிறார்கள். பிறகு கடை ஊழியன் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறான். சுவர் முழுவதும் அலமாரித் தட்டுகள். அவன் ஏறுகிறான், இன்னும் ஏறுகிறான். தட்டுத் தட்டாக, கூரை வரைக்கும், அதேபோன்ற வெள்ளை மூட்டைகள். எல்லாமே யாரோ ஒரு மரியாவின் கட்டிலிலிருந்து உருவப்பட்டவை. ரோம் நகரத்தின் வறுமையைப் பற்றி யாரும் ஒரு வசனம் பேசவில்லை. ஓர் ஆள் ஏணியில் ஏறுவதைக் காமிரா பின்தொடர்ந்தது, அவ்வளவுதான். ரே பழகிய கலைக்கு இது மிக நெருக்கமானது. விளம்பரத்திலும் அட்டைப்பட ஓவியத்திலும் சொல்லைக் குறைத்து ஒரே பார்வையில் பொருளை உணர்த்துவதுதான் வேலை. அந்தத் திறமை சினிமாவில் எங்கே போய்ச் சேரலாம் என்பதை இந்தக் காட்சி அவருக்குக் காட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஊர் திரும்பிய பின், 1951இல், ஃபிலிம் சொசைட்டியின் இதழில் தான் பார்த்த இத்தாலியப் படங்களைப் பற்றி ரே எழுதினார். அந்தக் கட்டுரையில் கண்ணீர் இல்லை. கதாசிரியர் செசாரே சவாத்தினியின் பங்கை எடை போடுகிறார். மிக எளிய ஒரு கதையை எடுத்துக்கொண்டு அதற்குள் நுணுக்கமான தகவல்களை நிரப்பும் முறையை ஆராய்கிறார். சில இத்தாலியப் படங்களைக் குறையும் சொல்கிறார். இந்திய இயக்குநர் வாழ்க்கையை நோக்கித் திரும்ப வேண்டும், அவருக்கு முன்மாதிரி ஹாலிவுட்டின் பிரம்மாண்ட இயக்குநர் டிமில்லாக இருக்கக் கூடாது, டி சிகாவாக இருக்க வேண்டும் என்று முடிக்கிறார். நெகிழ்ந்த மனம் ஆறுவதற்குள் அதைப் பகுத்துப் பார்க்கும் மனம் வேலையைத் தொடங்கிவிட்டது தெரிகிறது. ஒரு படம் நம்மை உலுக்கியது என்று சொல்வது சுலபம். எந்த இணைப்பில், எந்த நொடியில் உலுக்கியது என்று தேடிப் போகிறவர்கள் குறைவு; படைப்பாளிகள் பெரும்பாலும் அந்தச் சிலரிலிருந்துதான் வருகிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. இதெல்லாம் கல்கத்தாவில் நடந்திருக்க முடியாதா?

முடியும் என்பதற்கு ஒரு வலுவான எடுத்துக்காட்டு உண்டு. 1952இன் தொடக்கத்தில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை, டெல்லி, கல்கத்தா நகரங்களுக்கும் போனது. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அதில் திரையிடப்பட்டது. அதைப் பார்த்த பிமல் ராய் மறு ஆண்டே ‘தோ பீகா ஜமீன்’ எடுத்தார். இரண்டு பீகா நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவுக்கு வந்து ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதை. பல்ராஜ் சாஹ்னி அந்த வேடத்தில் நடித்தார். நல்ல படம், நேர்மையான படம். பிமல் ராய் அப்போதே தேர்ந்த இயக்குநர். பம்பாய்த் திரைத்தொழிலுக்குள் நின்றபடியே, பாடல்களையும் நட்சத்திரத்தையும் வைத்துக்கொண்டே, தான் பெற்ற தாக்கத்துக்கு இடம் கண்டார். ஆகவே ஒரு படத்தால் தூண்டப்பட வெளிநாட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஆனாலும் ரேக்கு லண்டன் கொடுத்தது வேறு. முதலாவது, மிகவும் நடைமுறையான ஒன்று: படங்கள். கல்கத்தாத் திரையரங்குகளில் ஹாலிவுட் படங்களும் பிரிட்டிஷ் படங்களும் தாராளமாக வந்தன. ஐரோப்பியப் படங்கள் அரிது. லண்டனில் இருந்த சில மாதங்களில் அவர் ஏறக்குறைய நூறு படங்கள் பார்த்தார். விழாக்களுக்காக ஈராண்டு காத்திருக்காமல், தேவையான நேரத்தில், அடுத்தடுத்து பார்க்கவும் ஒப்பிடவும் முடிந்தது. பசியெடுத்தவனுக்குப் பந்தி கிடைத்த காலம் அது. படைப்புத் தூண்டுதலைப் பற்றி எழுதும்போது நாம் இந்தச் சாதாரண விஷயத்தை மறந்துவிடுகிறோம். எந்த ஊரில் எந்தப் படம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து மனிதர்களின் வாழ்க்கை திசை மாறியிருக்கிறது.

இரண்டாவது, என் கணிப்பு. ரே அந்தத் திரையரங்கில் இருமடங்கு அந்நியர். படத்தின் ஊர் ரோம். அரங்கின் ஊர் லண்டன். இரண்டும் அவருடையவை அல்ல. படத்தின் மொழி இத்தாலியம். பக்கத்து இருக்கைகளில் ஆங்கிலேயர்கள். இருந்தும், ரோமின் ஒரு சந்தில் நடந்த ஒரு திருட்டு ஒரு வங்காளியையும் அந்த ஆங்கிலேயர்களையும் ஒரே நேரத்தில் அசையாமல் உட்காரவைத்தது. ஒரு கதை எல்லோருக்கும் புரிய வேண்டுமானால் அதன் ஊரையும் முகத்தையும் பொதுமைப்படுத்த வேண்டும் என்று வணிக சினிமா அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே ரோமின் சுவரும் மழையும் அடகுக் கடையும் துளிகூடப் பொதுமைப்படவில்லை. அப்படியே கடல் தாண்டி வந்திருந்தன. இதே படத்தைக் கல்கத்தாவில் தன்னைப் போன்ற வங்காளிகளுக்கு நடுவே பார்த்திருந்தால், ஏழை நாட்டுக்காரருக்கு ஏழையின் கதை பிடித்தது என்று தோன்றியிருக்கலாம். நடுவில் ஒரு மூன்றாவது நாடு இருந்ததால்தான், தன் வங்கக் கிராமமும் இப்படியே, இருக்கிறபடியே, வேறொரு நாட்டின் இருட்டறையில் ஓடக்கூடும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்திருக்கும்.

ஊர் திரும்பும் கப்பலில் அவர் ‘பதேர் பாஞ்சாலி’க்கான திரை வடிவத்தை எழுதத் தொடங்கினார். இதில் கவனிக்க ஒன்று உண்டு. ரே பட்டணத்துப் பிள்ளை. கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவர். கிராம வாழ்க்கையைப் பெரும்பாலும் அந்த நாவலின் வழியாகவே அறிந்தவர். ஆகவே அவர் கப்பலில் எழுதியது பிரிந்துவந்த சொந்த ஊரின் நினைவு ஆகாது. தனக்கே இன்னும் முழுதாகத் தெரியாத ஓர் ஊரை அடையும் வழியைத்தான் எழுதினார். வெளிநாட்டில் வாழ்கிறவர்களின் படைப்பு என்றாலே ஊர் ஏக்கம் என்று முத்திரை குத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ரேயின் கதை அதற்குள் அடங்காது.

அவர் திரும்பி வந்த அந்த ஆண்டின் நவம்பர் 1 அன்று விபூதிபூஷண் காலமானார். நாவலைப் படமாக்கும் உரிமையை அவருடைய மனைவி தந்தார். தயாரிப்பாளர்கள் யாரும் முன்வரவில்லை. அனுபவசாலிகளின் எச்சரிக்கை இன்னும் காதில் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கவே ரேயும் நண்பர்களும் ஒரு 16 மி.மீ. காமிராவை எடுத்துக்கொண்டு, நாவலாசிரியரின் ஊர்ப்பக்கமான கோபால்நகருக்கு மழைக்காலத்தில் போனார்கள். மாந்தோப்பின் மங்கலில், கொட்டும் மழையில், அந்தி மயங்கும் நேரத்தில் என்று, எங்கெல்லாம் முடியாது என்று சொல்லப்பட்டதோ அங்கெல்லாம் எடுத்தார்கள். படச்சுருளைக் கழுவிப் பார்த்தபோது எல்லாமே பதிவாகியிருந்தது. லண்டன் திரையரங்கில் வந்த துணிவுக்கு இந்த மாந்தோப்பில்தான் சான்று கிடைத்தது. என்னைக் கேட்டால், ‘பதேர் பாஞ்சாலி’யின் பிறப்பிடமாக லண்டனை மட்டும் சொல்கிறவர்கள் கோபால்நகரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு அப்போது இருபதைச் சற்றே தாண்டிய வயது. ரெனுவார் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்துக் குறிப்பெடுத்தவர், சினிமா காமிராவை இயக்கியவர் அல்லர். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவும் ‘தி ரிவர்’ படத்தில் வேலை பார்த்தவர். 1952 அக்டோபர் 27 அன்று முதல் காட்சியை எடுத்தார்கள்: நாணல் போன்ற காஷ் புல் வெண்பூவாகப் பூத்த வெளியில் அபு அக்காவைத் தேடி வருவது. ரே விளம்பர வேலையை விடவில்லை. விடுமுறை நாட்களில்தான் படப்பிடிப்பு. அடுத்த ஞாயிறு போனபோது வெளி மொட்டையாகக் கிடந்தது. பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த முதல் நாளில் அவர் பட்ட இன்னொரு பாடு, முன்மாதிரி எந்த அளவுக்கு உதவும் என்பதைக் காட்டுகிறது. அபுவாக நடித்த சுபீர் பானர்ஜியைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் விளையாடிக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தவர் பிஜோயா. நடித்தறியாத சிறுவன் இயல்பாக இருப்பான் என்பது டி சிகாவின் புரூனோவைப் பார்த்த யாரும் நம்பக்கூடியது. ஆனால் சுபீர் காஷ் வெளியில் விறைத்துப்போய் நடந்தான். தயங்கி, நின்று, தலை திருப்பித் தேடுகிற நடை வரவே இல்லை. என்ன செய்வது என்று டி சிகா படத்தில் பதில் இல்லை. கடைசியில் ரே, பையன் வரும் பாதையில் சுள்ளிகளைப் போட்டு அவற்றைத் தாண்டி வரச் சொன்னார். உதவியாளர்களை வெவ்வேறு பக்கம் ஒளித்துவைத்து முறைவைத்து அவன் பெயரைக் கூப்பிடச் செய்தார். தடுக்கும் சுள்ளிக்காகக் கால் தயங்கியது. குரல் வந்த திசைக்குத் தலை திரும்பியது. திரையில் அது அக்காவைத் தேடும் தம்பியாயிற்று. இன்று அந்தக் காட்சியைப் பார்க்கிறவருக்கு அதில் சுள்ளி தெரிவதில்லை.

லண்டனில் எடுத்த முடிவின் சட்டங்களை அவர் அப்படியே கடைப்பிடிக்கவும் இல்லை. அப்பாவாக நடித்த கானு பானர்ஜி தொழில்முறை நடிகர். அம்மாவாக வந்த கருணா பானர்ஜிக்கு மேடை அனுபவம் உண்டு. இந்திர் அத்தையாக நடித்த சுனிபாலா தேவி பழைய நாடக மேடையிலிருந்து எண்பது வயதை ஒட்டி வந்தவர். அவருடைய கூனலும் சிரிப்பும் இல்லாமல் அந்தப் படமே இல்லை. கட்டமைப்பும் வேறு. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ ஒரே இழையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ‘பதேர் பாஞ்சாலி’ அலைந்து திரிகிறது. மிட்டாய்க்காரன் வருகிறான், ஜாத்திரைக் கூத்து நடக்கிறது, குளத்தில் பூச்சிகள் ஓடுகின்றன, கிழவி செத்துப்போகிறாள். அந்த அலைச்சலைக் கழித்துவிட்டால் வங்கக் கிராமத்தின் உண்மையே போய்விடும் என்று ரே கருதினார். ரோம் படத்தில் இயற்கைக்கு இடமில்லை. இங்கே மழை ஒரு பாத்திரம், துர்காவைக் கொண்டுபோகிற பாத்திரம். ரவிசங்கரின் இசை, கிடைத்த ஒரே இரவில் பதிவானது. ஆழமாகத் தாக்கிய ஒரு படத்தைத் திரும்ப எடுக்கும் ஆசையை ரே எப்படி வென்றார் என்று யோசித்தால், அவர் நாவலுக்கு விசுவாசமாக இருந்தார் என்பதே பதில். முறையை டி சிகாவிடம் கற்றார். எதைச் சொல்வது என்பதில் விபூதிபூஷணை விட்டு விலகவே இல்லை.

பணக்கதை எல்லோருக்கும் தெரியும். காப்பீட்டுப் பத்திரம், இசைத்தட்டுகள், பிஜோயாவின் நகைகள் என்று ஒவ்வொன்றாகப் போயின. அடகுக் கடையைத் திரையில் பார்த்து நெகிழ்ந்தவர் அதன் படியையும் ஏறினார். இறுதியில் முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் மேற்கு வங்க அரசு உதவியது. படத்தின் பெயரில் சாலை வருவதால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் அந்தத் தொகை காட்டப்பட்டது. 1955 மே மாதம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அவசரத்தில் அனுப்பிய அந்தப் பிரதியில் துணைத்தலைப்புகள்கூட இல்லை. வங்க மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். படம் அவர்களைத் தொட்டது. லண்டனில் ரே நம்பத் துணிந்ததற்கு இதைவிடக் கடுமையான சோதனையை யாரும் வைத்திருக்க முடியாது.

ரே தனி ஒருவர் என்றால் இதை மேதைமை என்று சொல்லி முடித்துவிடலாம். அதே ஆண்டுகளில் வேறு நாடுகளிலிருந்து போனவர்களுக்கும் இது நடந்தது. அர்ஜென்டினாவின் ஃபெர்னாந்தோ பிர்ரி 1950களின் தொடக்கத்தில் ரோமின் திரைப்படப் பள்ளியில் படித்தார். கியூபாவிலிருந்து தோமாஸ் குத்தியெரெஸ் அலேயாவும் ஹூலியோ கார்சியா எஸ்பினோசாவும் அங்கே வந்தார்கள். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ்கூட 1955இல் சிறிது காலம் அங்கே இருந்தார். சவாத்தினியைப் பெரிதும் மதித்தார். பிர்ரி ஊர் திரும்பி, சாந்தா ஃபே நகரில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ‘தீரே தியே’ என்ற ஆவணப்படம் எடுத்தார். மெதுவாகப் பாலம் கடக்கும் ரயிலின் பக்கவாட்டில், கைப்பிடி இல்லாத பாலத்தில் ஓடியபடியே காசு கேட்கும் சேரிக் குழந்தைகளைப் பற்றியது. அலேயாவும் எஸ்பினோசாவும் 1955இல் கியூபாவின் சதுப்பு நிலத்துக் கரித் தொழிலாளர்களைப் படமாக்கினார்கள். அங்கே சர்வாதிகாரியாக இருந்த பத்திஸ்தாவின் காவல்துறை அந்தப் படத்தைப் பறிமுதல் செய்தது. ரோமில் கற்றது அவர்கள் ஊரில் குற்றமாகிவிட்டது.

நமக்கு இன்னும் அருகில் ஒரு கதை உண்டு. இலங்கையின் தெஹிவளையில் பிறந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1947இல் லண்டன் போனார். ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ நாளிதழுக்கு அங்கிருந்து எழுதிக்கொண்டே குறும்படங்கள் எடுத்துப் பரிசும் பெற்றார். 1950இல் ரேயும் அவரும் ஒரே நகரத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை அரசின் திரைப்படப் பிரிவில் இருந்த பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்குநர் ரால்ஃப் கீன் அவரை ஊருக்கு அழைக்க, 1952இல் பீரிஸ் திரும்பினார். சில ஆண்டுகளில் அரசு வேலையை விட்டு, ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் டி சில்வா ஆகியோருடன் 1956இல் ‘ரேகாவ’ எடுத்தார்.

அந்தப் படம் எதிலிருந்து விலகி வந்தது என்பது தமிழர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’வை 1947இல் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். அதன்பின் பத்தாண்டு காலம் பெரும்பாலான சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களின் செட்டுகளில், நம் படங்களின் கதைப்போக்கையும் மெட்டையும் பின்பற்றி உருவாயின. சிங்கள சினிமாவுக்குக் கருவியும் தொழிலும் நாம் கொடுத்தோம். அதன் ஊரை நாம் கொடுத்திருக்க முடியாது. பீரிஸ் காமிராவை இலங்கைக் கிராமத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். நம் திரை வரலாறுகளில் இந்த அத்தியாயம் எழுதப்பட வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். ஒரு தொழில் தன் செல்வாக்கின் உச்சத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் குரலை எப்படி மூடிவிடுகிறது என்பதை அது சொல்லும்.

‘ரேகாவ’ 1957இல் கான் விழாப் போட்டிக்குப் போனது. இலங்கையில் வசூல் இல்லை. அடுத்த முழுநீளப் படத்துக்குப் பீரிஸ் 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1963இல் மார்ட்டின் விக்ரமசிங்கவின் நாவலை வைத்து ‘கம்பெரலிய’ எடுத்தார்; ஸ்டூடியோ இல்லாமல், தென்னிலங்கைப் பழைய வீடு ஒன்றின் அறைகளுக்குள். 1965இல் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குத் தங்க மயில் விருது கிடைத்தது. நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சத்யஜித் ரே.